வைக்கோல் விதவை

அந்தத் தெருவிலேயே படு மோசமான மெத்தை யார் வீட்டில் கிடந்தது என்று கேட்டால், மெத்தை தைக்கிறவள் வீட்டில்தான். சிரிக்காதீர்கள். விடுதிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்யாண வீட்டுக்கும் தைத்துக் கொடுத்த கை அது. அவள் தைத்த மெத்தையில் படுத்தவன் காலையில் வேலைக்கு நேரத்துக்குப் போனதாகச் சரித்திரமே இல்லை என்று கடைக்காரர்கள் கேலி பேசுவார்கள். அவள் வீட்டு மெத்தையோ ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். அந்தப் பள்ளம் ஓர் ஆள் படுத்து எழுந்த அளவுக்கு அச்சாக இருக்கும். தோள் அகலம், இடுப்பு ஒடுக்கம், முழங்கால் மடங்கிய இடம் எல்லாம் தெரியும்.

"பஞ்சு மன்னிக்கும், வைக்கோல் மன்னிக்காது" என்று மெத்தைக்காரி அடிக்கடி சொல்லுவாள். பஞ்சு அமுங்கிப் போனால் மெத்தையைப் பிரித்து, கோலால் நாலு சாத்து சாத்தி, வெயில் காட்டினால் மறுபடி பொம்மென்று எழுந்து உட்கார்ந்துகொள்ளும். வைக்கோல் அப்படியில்லை. அமுங்கியது அமுங்கியதுதான். அதனால்தான் விலை குறைந்த மெத்தைக்கு மட்டும் அடியில் வைக்கோலும் மேலே கொஞ்சம் பஞ்சும் வைத்துத் தைப்பார்கள். கல்யாணமான புதிதில் அவளுக்கும் அவள் புருஷனுக்கும் வாய்த்தது அந்த மெத்தைதான். முக்கால்வாசி வைக்கோல். திரும்பிப் படுத்தால் சரசரவென்று ஊரையே எழுப்பும்.

அவள் புருஷனுக்கு ரேடியோ என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் வேறு, அதை யாரும் கூப்பிட்டதில்லை. தைத்த மெத்தைகளைத் தலையில் சுமந்து வண்டியில் ஏற்றுகிற வேலை அவனுக்கு. தலையில் மெத்தை கவிழ்ந்திருப்பதால் முகம் தெரியாது, குரல் மட்டும் வந்துகொண்டே இருக்கும். ஏற்றும்போதும் பேச்சு, இறக்கும்போதும் பேச்சு, மூச்சு வாங்கும்போதும் பேச்சு. "மெத்தை பேசுதுடா" என்று தெருவில் போகிறவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். ஒரு மனுஷனுக்கு ஓயாமல் பேச அத்தனை விஷயம் எங்கிருந்துதான் கிடைக்குமோ, கடவுளுக்கே வெளிச்சம்.

அவள் தைக்கும் இடம் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. உள்ளே போனால் நிமிர முடியாது. காலையில் குனிந்தவள் சாயங்காலம் வெளியே வந்துதான் முதுகை நீட்டுவாள். பஞ்சுத் தூசிக்கு மூக்கில் துணி கட்டி, விரல் நுனியில் ஊசி குத்தாமல் இருக்கப் பித்தளை மூடி மாட்டி, கோணி ஊசியைக் குத்தி இழுத்து உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்க்கப் பார்க்க ரேடியோவுக்குப் பொறுக்காது.

"நீ நிமிர்ந்து நின்னு வேல பாக்கற மாதிரி ஒரு கடை போடணும்டி. கூரை உசரமா, ரெண்டு ஜன்னல் வெச்சு."

"போட்டுட்டாலும்! வாயாலேயே எத்தன கடை போட்டிருக்கீங்க இதுவரைக்கும்."

இந்தமுறை வாயோடு நிற்கவில்லை. ஜெர்மன் பேசுகிற தேசம் ஒன்றில், கட்டில் மேசை அடுக்கி வைக்கும் பெரிய கிடங்கில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஓர் ஏஜெண்ட் மூலமாகக் கிளம்பிவிட்டான். கிளம்புகிற அன்றைக்குப் பெட்டியைக் கட்டி முடித்துவிட்டு, செருப்புக் காலோடு போய் மெத்தையில் மல்லாந்து படுத்தான்.

"நான் வர்ற வரைக்கும் இந்தப் பள்ளத்துல கை வெக்காத. பிரிக்கறேன், அடிக்கறேன்னு கோலைத் தூக்கிட்டு வந்தே, தெரியும் சேதி. திரும்பி வந்து இதுலதான் வந்து விழுவேன்."

"செருப்பக் கழட்டுங்க முதல்ல" என்று அவள் அதட்டினாள். அழுகையை மறைக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதட்டல்தான்.

அவன் போன பிறகு இருவருக்குள்ளும் ஒரு பழக்கம் உண்டானது. ஞாயிற்றுக்கிழமை நீட்டிப் பேசுவார்கள். மற்ற நாளில் அவன் விடிகாலை ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்ததும், அங்கே மத்தியானம் இங்கே சாயங்காலம், ஒரே ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவான். வந்துவிட்டேன் என்று அர்த்தம். அவளும் பதிலுக்கு ஒரு ரிங் விட்டு வைப்பாள். சரி, சாப்பிட்டுப் படுங்கள் என்று அர்த்தம். எடுக்கக் கூடாது, இரண்டாவது ரிங் போகக் கூடாது. சாயங்காலம் அந்த ஒரு ரிங் வந்தால்தான் அவளுக்கு உலையில் அரிசி போடவே கை வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அவளுக்கு வார்த்தை கொண்டுவந்தான். மற்றவர்கள் புருஷன் சென்ட் பாட்டில் அனுப்புவான், சாக்லேட் அனுப்புவான். இவள் புருஷன் அனுப்பியது வார்த்தை. வேலை முடிந்து ஒரு மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தான். அங்கே ஒரு டீச்சரம்மா, தோண்டித் துருவிக் கேட்கிறவனைக் கண்டால் விடமாட்டாராம். இவனோ வாய் மூடாதவன். கேட்க வேண்டுமா, ஜாடிக்கேற்ற மூடி.

"இவங்க வார்த்தைய தைக்கறாங்கடி. நீ துணிய தைக்கற மாதிரி, ரெண்டு வார்த்தைய சேத்துப் போட்டு ஒரு தையல். கையுறைக்கு என்ன சொல்றாங்க தெரியுமா? ஹான்ட்ஷூ. கைச்செருப்பு!"

"கைக்குச் செருப்பா? நாசமாப் போச்சு."

"உன் விரல்ல மாட்டுவியே பித்தளை மூடி, அதுக்கு ஃபிங்கர்ஹூட். விரல்தொப்பி!"

அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பில் மேல்மாடியில் இருந்த நாத்தனார் இறங்கி வந்து என்ன ஏது என்று விசாரித்தாள். அதிலிருந்து அந்த மூடி வீட்டில் விரல்தொப்பி ஆகிவிட்டது. நூல் விற்கிற கடையில்கூடப் போய், "ஒரு விரல்தொப்பி குடுங்க" என்று கேட்டு, கடைக்காரரை விழிக்க வைத்தாள். ரேடியோ அவளைக் கூப்பிடுவதே அப்படித்தான் ஆனது. "என்ன விரல்தொப்பி, சாப்டியா?"

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்ததில் யார் கண் பட்டதோ.

ஒரு கல்யாண வீட்டு மெத்தை அவளிடம் வந்திருந்தது. நல்ல இலவம்பஞ்சு, பட்டு மாதிரி மேல்துணி. பாதி தைத்திருந்தபோது மாப்பிள்ளையின் தாயார் ஆள் விட்டு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். புருஷன் கூட இல்லாதவள் கையால் எங்கள் பிள்ளைக்கு மெத்தை வேண்டாம் என்றாளாம். இதை அந்த ஆள் சொல்லவில்லை, நாத்தனார் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னாள். நாத்தனார் கெட்டவள் இல்லை. தம்பி மேல் உயிரையே வைத்திருந்தாள். ஆனால் கேட்ட எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ள முடியாத பிறவி. மெத்தைக்காரி அன்றைக்கு முழுக்க வெறும் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. ரேடியோ உற்சாகத்தில் மிதந்துகொண்டு பேசினான்.

"இன்னிக்கு ஒரு வார்த்த பிடிச்சிருக்கேன் பாரு. உனக்குன்னே அளவெடுத்துத் தைச்சது. ஷ்ட்ரோவிட்வெ. ஷ்ட்ரோன்னா வைக்கோல். விட்வெ என்னன்னு நீயே சொல்லு பாப்போம். கேட்டாலே தெரியும்."

கேட்டாலே தெரிந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

"விதவையா?"

"அதேதான்! டீச்சரம்மா சொன்னாங்க, நம்ம விதவையும் இவங்க விட்வெயும் ஒரே வேர்ல முளைச்சதாம். வடமொழி வழியா நம்மகிட்ட வந்திருக்கு. எங்க இருந்து எங்க பாத்தியா! புருஷன் வெளியூர் போன பொண்டாட்டிய இங்க—"

"வாயக் கழுவுங்க."

"அட, முழுசா கேளு—"

"என்னத்தக் கேக்கறது? நீங்க உசுரோட இருக்கும்போதே என்ன விதவைங்கறீங்க. அதுவும் வைக்கோல் விதவை. குப்பையில கொட்டறதுக்கா? ஊர்ல கண்டவ பேசுனது பத்தாதுன்னு நீங்களும் பேசுங்க!"

"ஏய், முழுசா கேளுடி, வைக்கோல்னா என்னன்னா—"

வைத்துவிட்டாள். உடனே மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

நாத்தனாரிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னாள். "என் தம்பி வாய்க்குப் பூட்டே கிடையாது. நீ எறங்காத. அவனே வந்து கெஞ்சட்டும், அப்பதான் புத்தி வரும்" என்றாள் நாத்தனார். எரிகிற கொள்ளியில் எண்ணெய்தான், வேறென்ன.

மறுநாள் சாயங்காலம் அந்த ஒரு ரிங் வந்தது. அவள் பதிலுக்கு விடவில்லை. அதற்கடுத்த நாளும் வந்தது. அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு அதையே முறைத்துப் பார்த்தாள். உள்ளுக்குள் கோபம் எப்போதோ கரைந்துவிட்டிருந்தது. வீம்பு மட்டும் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவார், கொஞ்சம் கெஞ்சுவார், அப்புறம் எடுக்கலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். என்ன சொல்லித் திட்டுவது என்பதுகூடத் தயார்.

அதற்குள் ரிங் நின்றுபோனது.

முதல் சாயங்காலம், வேலை அதிகமாக இருக்கும் என்று நினைத்தாள். இரண்டாவது சாயங்காலம், ஓகோ, அவருக்கும் ரோஷம் வந்துவிட்டதா என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமையும் போன் வாயைத் திறக்கவில்லை. கூப்பிட்டுப் பேசலாம்தான். அப்படிப் பேசினால் தோற்ற மாதிரி ஆகிவிடாதா? கடைசியில் வீம்புக்கும் ஆசைக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தாள். சாயங்காலம் அவன் அறைக்கு வருகிற நேரம் பார்த்து, அவளாகவே ஒரு ரிங் விட்டு வைத்தாள். வாய் திறந்து பேசியதாகவும் ஆகாது, பேசாமல் இருந்ததாகவும் ஆகாது. அவருக்குப் புரியும்.

பதில் வரவில்லை. மறுநாளும் ஒரே ஒரு ரிங் விட்டாள். அதற்கடுத்த நாளும். "அப்படியென்ன அழுத்தம் இந்த மனுஷனுக்கு" என்று போனைத் திட்டிவிட்டு, பள்ளத்தின் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு நாள் மத்தியானம் போன் விடாமல் அடித்தது. எடுத்தால் வேறு குரல். ரேடியோவோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர். தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் கண்ணாடிக்காரர் என்று ரேடியோ அடிக்கடி சொல்லியிருக்கிறான். அவர் "அண்ணி" என்றார். அப்புறம் தேம்பல்தான் வந்தது. அந்தத் தேம்பலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கோணி ஊசி கையிலேயே இருந்தது. அதைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

ரேடியோ பெட்டிக்குள் வந்து சேர்ந்தான். பேசாமல் வந்தது அந்த ஒரு முறைதான்.

சில மாதம் கழித்துக் கண்ணாடிக்காரர் விடுமுறைக்கு ஊர் வந்தபோது, ரேடியோவின் கைப்பையை எடுத்துக்கொண்டு வீடு தேடி வந்தார். நாத்தனார் நாற்காலி எடுத்துப் போட்டாள். கண்ணாடிக்காரர் உட்கார மனமில்லாமல் நுனியில் உட்கார்ந்தார். மெத்தைக்காரி சுவரோரம் நின்றாள். அவளுக்குக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"என் மேல கோவமா இருந்தாராங்க?"

"யாரு, அண்ணனா?" கண்ணாடிக்காரர் சிரித்தேவிட்டார். "அந்த ஆளுக்குக் கோவம் வருமா அண்ணி? 'பாதியிலேயே வெச்சுட்டா கழுத. மீதிய கேட்டா அவளே சிரிப்பா. நல்லா கோவிச்சுக்கட்டும், ஞாயித்துக்கிழம எடுப்பா'ன்னு ரூம் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சாரு."

"மீதி என்ன?"

"எது?"

"அந்த வார்த்த. நீங்க முழுசா சொல்லுங்க."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு ரேடியோ மாதிரி பேச வராது. ஆனால் அந்த வகுப்புக்கு அவரும் போனவர். "அது கெட்ட வார்த்தையே இல்ல அண்ணி. அங்க வெளையாட்டாச் சொல்றது. புருஷன் கொஞ்ச நாள் ஊர்ல இல்லாம பொண்டாட்டி மட்டும் வீட்ல இருந்தா, அவதான் வைக்கோல் விதவை. புருஷன் உசுரோட இருந்தாத்தான் அந்தப் பேரே. அவன் திரும்பி வருவான்னு அர்த்தம்."

"வைக்கோல் எதுக்கு?"

"அதத்தான் அண்ணன் டீச்சரம்மாவக் கொடஞ்சு எடுத்துட்டாரு. ஒருத்தரும் உறுதியாச் சொல்ல முடியாதாம். பெரும்பாலும் மெத்தைன்னுதான் சொல்றாங்களாம். அந்தக் காலத்துல அங்க எல்லார் வீட்லயும் வைக்கோல் படுக்கைதானே. ஆம்பள கெளம்பிப் போயிட்டா, அவ அந்த வைக்கோல்ல ஒத்தையில கெடப்பா. அதான். வேற கதையும் உண்டாம், வைக்கோல் மாலை அது இதுன்னு. அண்ணன் அதையெல்லாம் காதுலயே போட்டுக்கல. எழுந்து நின்னு, 'என் பொண்டாட்டி மெத்த தைக்கறவ, எங்க வீட்டு மெத்தையே வைக்கோல்தான்'னு கத்துனாரு. வகுப்பே கை தட்டுச்சு. டீச்சரம்மா, ஆம்பளைக்கும் அந்த வார்த்த உண்டுன்னாங்க. ஷ்ட்ரோவிட்வர். 'அப்ப நானும் அதுதான்'னாரு. அதச் சொல்லத்தான் அன்னிக்கு அவசர அவசரமாக் கூப்ட்டாரு."

மெத்தைக்காரிக்குச் சிரிப்பு வந்தது. அவன் போன பிறகு முதல் முறையாக வந்த சிரிப்பு. வந்த வேகத்திலேயே அது அழுகையாக மாறி, இரண்டும் சேர்ந்து வந்துகொண்டிருந்தன. "நல்ல வார்த்ததான்" என்றாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "இப்ப வைக்கோல் போயிடுச்சு. மீதிதான் இருக்கு."

நாத்தனார் தலை குனிந்துகொண்டாள். இந்த இடத்தில் கண்ணாடிக்காரர் எழுந்து போயிருக்கலாம். பாவம், நல்ல மனுஷன், ஆறுதலாக இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் சொன்னார்.

"அண்ணன் ஆஸ்பத்திரியில அனாதையா இல்ல அண்ணி, அத நெனச்சு நீங்க மனசு விடாதீங்க. நான் வேற ஊரு கிடங்குக்குப் போயிருந்தேன், எனக்கே தெரியல. கம்பெனியில ஏஜெண்ட் நம்பர்தான் இருந்துச்சு, அவன் ஆபீசையே மூடிட்டான். ஆனா ஒரு நர்ஸம்மா கூடவே இருந்து பாத்துக்கிட்டாங்க. தலைக்குள்ள ரத்தக்கொழாய் வெடிச்சதுல பேச்சு வரல. காது மட்டும் கேட்டுச்சாம். வீட்லேர்ந்து யாராவது கூப்பிடுவாங்கன்னு அவங்கதான் அண்ணன் போனுக்குத் தெனம் சார்ஜ் போட்டு வெச்சிருக்காங்க. பூட்டுப் போட்ட போன், அவங்களால வெளிய கூப்பிட முடியல. குறிச்ச நேரத்துக்கு ஒரு ரிங் வருமாம்."

மெத்தைக்காரி சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"பேரு வருமாம், எழுத்து அவங்களுக்குப் புரியல. விரல்தொப்பின்னு தமிழ்ல போட்டு வெச்சிருந்தாரு அண்ணன். அவங்க ஓடி வந்து எடுக்கறதுக்குள்ள கட் ஆயிடுமாம். மறுநாளும் அதே மாதிரி. போன் அடிச்சா மட்டும் அண்ணன் கண்ணத் தொறந்து அந்தப் பக்கமே பாத்துக்கிட்டிருப்பாராம். 'இன்னொரு ரிங் போயிருந்தா எடுத்துக் காதுல வெச்சிருப்பேனே'ன்னு அந்தம்மா என்னப் பிடிச்சிக்கிட்டு அழுதாங்க." கண்ணாடிக்காரர் நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். "ஏன் அண்ணி ஒரே ரிங்ல வெச்சீங்க?"

அவள் வாயைத் திறந்தாள். எங்கள் பழக்கம் அது, இரண்டாவது ரிங் போகக் கூடாது என்று எங்களுக்குள் பேச்சு, இதையெல்லாம் எந்த வாயால் சொல்வது? நாத்தனார்தான் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "நான்தாண்டி எறங்காதன்னேன். நான்தான்" என்று அவள் தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழுதாள். கண்ணாடிக்காரர், என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று தெரியாமல் பையை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார்.

பையில் இரண்டு சட்டை, ஒரு ஜோடி கைச்செருப்பு, போன். அந்த ஊர் சிம்முக்கு இன்னும் உயிர் இருந்தது.

நாத்தனார் அன்றைக்குப் பிற்பகலே ஆரம்பித்துவிட்டாள். "அந்த மெத்தையத் தூக்கி எறிஞ்சிட்டுப் புதுசா ஒண்ணு தைச்சுக்கோம்மா. அதப் பாத்துக்கிட்டே எப்படி இருப்ப?" மெத்தைக்காரி சாயங்காலம் ஆனதும் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் போனுக்குச் சார்ஜ் போட்டு, பள்ளத்தில் அவன் தலை வைக்கும் இடத்தில் வைத்தாள். பக்கத்தில் தன் மேட்டில் உட்கார்ந்து, தன் போனை எடுத்து அவனைக் கூப்பிட்டாள்.

ஒரு ரிங் போனது. பள்ளத்துக்குள் விரல்தொப்பி என்று வெளிச்சம் வந்தது. அவள் கட்டைவிரல் பழக்கத்தில் வைக்கப் போனது. அதை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது ரிங் போனது. "எடுங்க" என்றாள். மூன்றாவதும் போனது. வைக்கோலுக்குள் சத்தம் இறங்கி மெத்தை முழுக்க அதிர்ந்தது. அடித்து அடித்து, கடைசியில் அது தானாகவே நின்றது. காதில் பதிவு செய்த ஒரு பெண்குரல் வந்து ஜெர்மனில் ஏதோ சொல்ல ஆரம்பித்தது. ஒன்றோடொன்று தைத்த வார்த்தைகள், நீள நீளமாக, ஒன்றுகூட அவளுக்குப் புரியவில்லை. அவள் போனை வைக்கவில்லை. அந்தக் குரல் சொல்லி முடிக்கும்வரை முழுசாகக் கேட்டாள்.